நான் மாற்றிய கடைசி ஆறு பக்கங்கள்

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துவைக்கும் என் மச்சான் சுதனுக்கு,

நலமா என்று கேட்கிற வழக்கம் நமக்குள் இருந்ததில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் நாவலின் முடிவை நான் மாற்றிவிட்டேன். மாற்றியதை எடுத்துக்கொண்டுபோய் உன் அம்மாவிடமே வாசித்தும் காட்டினேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். புத்தகத்தின் கடைசியில் இதைப் போடலாம் என்று பதிப்பாளர் சொன்னார், அம்மாவும் சரி என்றார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே நடுநடுவில் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்ச். பிறகு தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனி. நீ டூல் ரூம், நான் குவாலிட்டி. நான் பர்மனென்ட் ஆனேன். உன் விலாசத்தில் கும்மிடிப்பூண்டி அகதி முகாம் என்று இருந்தது, நீ கடைசிவரை கான்ட்ராக்ட். கைக்குழந்தையாகப் படகில் வந்தவன் நீ. கேம்ப் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் எங்களைப் போலப் பேசுவாய், உள்ளே போனால் அம்மாவைப் போலப் பேசுவாய். எப்படிடா அவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொண்டாய் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

நீங்கள் விட்டுவந்த ஊரின் யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதுகிறாய் என்று தெரிந்தபோது, குண்டு விழும், யாராவது யாரையாவது நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். உன் நாவலில் குண்டுச் சத்தம்கூடத் தூரத்தில்தான் கேட்கிறது. ஒரு தையல்காரப் பெண். ஊரே ஓடுகிற அன்றைக்கு, தன் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, கிரீஸ் பூசி, சேலையில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு ஓடுகிறாள். கதை முழுக்க அவள் ஓடுகிறாள். எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பினால், அவள் வீட்டில் வேறொருத்தி இருக்கிறாள். எதிர்ப்பக்கத்துச் சிப்பாய் ஒருவனின் விதவை. சின்னப் பெண், மடியில் குழந்தை, பேச்சு சிங்களம். புதைத்த மெஷினைத் தோண்டியெடுத்து, அதில் தைத்துத்தான் பிழைக்கிறாள்.

இவள் என்ன செய்கிறாள்? ஒன்றும் கேட்பதில்லை. ஒரு ரவிக்கைத் துணியைக் கொடுத்துத் தைத்துத் தரச் சொல்கிறாள். போட்டுக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான் உன் முடிவு.

பஸ்ஸில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? கடைசி நோட்டைப் படித்துவிட்டு உன் மடியில் தூக்கிப் போட்டேன்.

"இன்னாடா முடிவு இது? மெஷின் யார்து?"

"அவளோடதுதான்."

"அப்போ கேக்க வேண்டியதுதானே? மெஷின்ல நம்பர் அடிச்சிருக்கும். நம்பரைக் காட்டு, எடுத்துக்கினு வா. இன்னா கஷ்டம்?"

"எடுத்துக்கினு வந்துட்டா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

"அது அவ பாடு. நீ இன்னா, அவளுக்கு வக்கீலா?"

நீ சிரித்தாய். "ஆமாடா, வக்கீல்தான். ஃபீஸே வாங்காத வக்கீல்."

"உருப்படாதவன்டா நீ" என்றேன். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பேக்கிங் செக்‌ஷன் அக்கா, "டேய், இறங்கி நின்னு சண்டை போடுங்கடா, பேஜாரா கீது" என்று கத்தினார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மறுபடி அதைப் பேச நமக்கு நாள் கிடைக்கவில்லை.

உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் தினமும் இரண்டு வேளை பிளேட்லெட் எண்ணிக்கை சொல்வார்கள். நான் அதை வாங்கி மொபைலில் கிராஃப் போட்டேன். மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு சிவப்புக் கோடு. பிளான்டில் ஒரு அளவு எல்லையைத் தாண்டப்போகிறது என்றால் கிராஃபைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுவேன், மெஷினை நிறுத்திச் சரிபண்ணிவிடுவோம். அங்கே எதை நிறுத்துவது? ஏழாம் நாள் கோடு மேலே ஏறியது. அம்மாவிடம் போய்க் காட்டினேன், "பாருங்கமா, ஏறுது" என்று. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அதை ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்கு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கேன்டீனில் சொன்னார்கள். ஹெச்.ஆர். மேடம் சொன்னார். எங்கப்பா சாப்பாட்டுத் தட்டை முன்னால் தள்ளிவைத்துச் சொன்னார்: "போனவன் வருவானா நைனா? ஏத்துக்க."

ஏத்துக்க, ஏத்துக்க, ஏத்துக்க. எதை ஏற்றுக்கொள்வது? இருபத்தொன்பது வயதில் ஒரு கொசு கடித்து ஒருவன் போவதையா? அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அந்த எரிச்சலோடுதான் உன் ஆறு நோட்டுகளையும் டைப் செய்ய உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் டீ பிரேக்குகளிலுமாக ஐந்து மாதம் ஆனது. உன் கையெழுத்தில் 'ன'வும் 'ள'வும் ஒன்றாகவே இருக்கின்றன, அது வேறு.

கடைசி ஆறு பக்கம் வந்தபோது கை ஓடவில்லை. இவளும் ஏற்றுக்கொண்டு போகிறாளா? செத்துப்போனவனும் ஏத்துக்க என்றுதான் சொல்லப்போகிறானா? நோட்டை மூடினேன். நானே ஆறு பக்கம் எழுதினேன்.

என் முடிவில் உன் தையல்காரி வாயைத் திறந்தாள். மெஷினைக் கவிழ்த்து அடியில் அடித்திருக்கும் நம்பரைக் காட்டினாள். "புதைச்சது நான். தோண்டி எடுத்த நீ கள்ளி" என்றாள். அந்தச் சின்னப் பெண் தலைகுனிந்து நின்றாள். மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இவள் தெருவில் நடந்தாள். டைப் செய்து முடித்தபோது எனக்கு மூச்சு சீரானது. யாரோ ஒருத்தி, ஒரே ஒருத்தியாவது, தன்னிடமிருந்து போனதைத் திரும்ப வாங்கிவிட்டாள்.

டிராயிங் போட்டவரின் கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் நம் பிளான்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். போன மாதம்கூட ஒரு சூப்பர்வைசரிடம் அதற்காக எல்லோர் முன்னாலும் கத்தினேன். அப்படிப்பட்டவன் நான். உன் டிராயிங்கை மாற்றியபோது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. போட்டவன் வந்து கேட்கமாட்டான் அல்லவா?

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் நாவலை எடுத்துக்கொண்டது. பதிப்பாளர் போன் செய்து, "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு, ஆனா முடிவு இருக்கே, பவரா இருக்கு" என்றார். இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட புரூஃப் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை உன் வீட்டுக்குப் போனேன். முடித்ததும் வாசித்துக் காட்டுகிறேன் என்று நீ அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய் அல்லவா? அதை நான் செய்வதாக நினைப்பு.

அம்மா கம்பெனி யூனிஃபார்ம் பேன்ட் தைத்துக்கொண்டிருந்தார்கள். "நீ வாசி ராசா, நான் தைச்சுக்கொண்டே கேக்கிறன். நாளைக்குக் குடுக்கவேணும்" என்றார்கள். முழுவதையும் ஒரே நாளில் வாசிக்க முடியுமா? நான்கு ஞாயிறு போனேன். முக்கால்வாசிக் கதையை அம்மா மெஷின் சத்தத்துக்குள்ளேயே கேட்டார்கள். நடுவில் ஓரிரு தடவை சிரித்தார்கள். ஆடு குடையைத் தின்கிற இடத்தில், "அது உண்மையாவே நடந்தது" என்றார்கள்.

நாலாவது ஞாயிறு. அந்தச் சின்னப் பெண் மெஷினைத் தோண்டியெடுத்த விஷயம் வந்ததும் தையல் நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் இன்னும் உற்சாகமாக வாசித்தேன். என் ஆறு பக்கம். நம்பரைப் படிக்கிற இடத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன், நானே கற்பனையாகப் போட்ட நம்பர் அது.

"நம்பர் பிழை" என்றார்கள் அம்மா.

"இன்னாமா?"

"அந்த மெஷின்ர நம்பர் அது இல்லை. சுதனுக்கு நல்லாத் தெரியும். நான்தானே சொல்லிக் குடுத்தனான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மறந்திருப்பான்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

அம்மா மடியில் கிடந்த பேன்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்கள். "நம்பரை மறந்திட்டான். தாய் கள்ளி எண்டதை மறக்கேல்லை."

சுதன், எனக்குத் தெரியாதுடா. சத்தியமாகத் தெரியாது. உன் நாவலில் மெஷினைப் புதைத்தவள்தான் உன் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோண்டியெடுத்தவள் என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அம்மாவே சொன்னார்கள். உன் அப்பா போனவர் திரும்பாமல் மூன்று மாதம். உனக்கு எட்டு மாதம். ஓடுகிற வழியில் ஆளில்லாத ஒரு வீட்டில் தங்கினார்களாம். அந்த வீட்டுக்காரர்களும் நம் தமிழ் ஆட்கள்தான், முன்னாலேயே ஓடியிருக்கிறார்கள்.

"பின்னுக்குத் தேசிக்காய் மரத்துக்குக் கீழ பங்கர் வெட்டினம். மண்வெட்டி டங் எண்டு பட்டுது. பாத்தால், சேலையில சுத்தி மெஷின். எட்டு மாசம் அதிலதான் தைச்சன் ராசா. சுதனுக்குப் பால்மா வாங்கினது அதிலதான். தைக்கேக்க ஒரு கண் வாசலிலதான் இருக்கும். அந்த மனிசி வந்து நிண்டால் என்ன சொல்லுறது எண்டு."

"வந்தாங்களா?"

"இல்லை. படகுக்குப் போற அண்டைக்கு அதே குழியில திரும்ப வைச்சு மூடிப்போட்டுத்தான் வந்தன். கிரீஸுக்கு எங்க போறது? தேங்காயெண்ணெய் பூசினன். நம்பரைப் பாடமாக்கினன். எங்கயாவது அந்த மனிசியைக் கண்டால், உங்கட மெஷின் இன்ன இடத்தில கிடக்கு எண்டு சொல்லவேணும் எல்லோ?"

உனக்கு எப்படித் தெரிந்தது என்றும் சொன்னார்கள். பத்தாவது படிக்கும்போது நீ வழியில் கிடந்த ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு வந்தாயாமே. அடித்தார்களாம். "நீங்கள் ஆற்றயாவது சாமானை எடுக்கவே இல்லையோ?" என்று நீ கேட்டாயாம். அம்மா பொய் சொல்லவில்லை. அதன்பிறகு நீ அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். அவ்வளவு வருடம் பேசாமல் இருந்து, ஆறு நோட்டு எழுதினாயா மச்சான்? அதற்குத்தான் வக்கீல் என்றாயா?

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "அம்மா, இந்த முடிவு அவன் எழுதினது இல்ல. நான் எழுதினது" என்றேன்.

"ஏன்?"

வாசகர்களுக்காக, பதிப்பாளருக்காக என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. "கோவத்துலமா" என்றேன்.

"ஆரில?"

"அவன் மேலதான். செத்துப்போயிட்டான்ல."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போய் அவன்ர கொப்பியை எடுத்துக்கொண்டு வா" என்றார்கள்.

வண்டியில் போய் வர இருபது நிமிடம். திரும்பி வந்தபோதும் தையல் அப்படியே நின்றிருந்தது. நீ எழுதிய ஆறு பக்கத்தை உன் கையெழுத்திலிருந்தே வாசித்தேன். பஸ்ஸில் அவசரத்தில் படித்தவன், எவ்வளவை விட்டிருக்கிறேன் பார். அந்தச் சின்னப் பெண் டேப்பால் அளவெடுக்கிறாள். அவள் சொல்கிற எண் இவளுக்குப் புரியவில்லை, இவள் சொல்கிற எண் அவளுக்குப் புரியவில்லை. டேப்பில் விரல் வைத்துக் காட்டிக்கொள்கிறார்கள். தைக்கும்போது மெஷின் கிரீச்சிடுகிறது. இவள் எழுந்துபோய் எண்ணெய்க் குப்பியை எடுக்கிறாள். மெஷினின் பின்பக்கம், சக்கரத்துக்குக் கீழே, அழுக்கு மூடியிருக்கும் ஒரு துளையை நகத்தால் சுரண்டி, இரண்டு சொட்டு விடுகிறாள். சத்தம் நின்றுபோகிறது.

அந்தத் துளை அங்கே இருப்பது மெஷினுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது உடனே விளங்குகிறது. பயந்து எழுந்து நிற்கிறாள். இவள் அவள் தோளைப் பிடித்து மறுபடி ஸ்டூலில் உட்காரவைக்கிறாள்.

"நில்லு" என்றார்கள் அம்மா. "அந்த எண்ணெய் விடுற இடத்தைத் திரும்ப வாசி."

வாசித்தேன்.

"கத்தும் ராசா. எட்டு மாசமும் கத்தினது. எங்க எண்ணெய் விட்டும் நிக்கேல்லை. கத்தும் எண்டு சுதனுக்கும் சொன்னனான்." நிறுத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள்: "இன்னொருத்தியின்ர மெஷின் எண்டபடியால்தான் கத்துது எண்டு நான் நினைச்சிருந்தன்."

பார்க்காத ஒரு மெஷின். கடல் தாண்டி ஏதோ ஒரு குழியில் கிடக்கிறது. அம்மா சொன்ன ஒரே ஒரு சத்தத்தை வைத்து, எந்த பேரிங் காய்ந்திருக்கும், எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து போகவேண்டும் என்று உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாய். டூல் ரூம்காரன்டா நீ. அதைச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறாய். நான் அதை ரிஜெக்ட் பண்ணிவிட்டு அம்மா முன்னால் கள்ளி என்று படித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் மெஷினின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள். "இதிலயும் இருக்குமோ?" என்றார்கள். இருந்தது. இரண்டு பேரும் எண்ணெய் விட்டோம்.

பதிப்பாளரிடம் நடந்ததைச் சொல்லி, உன் ஆறு பக்கத்தையே போடச் சொல்லிவிட்டேன். "முன்னாடி இருந்த முடிவு பவரா இருந்துச்சே தம்பி" என்றார். "பவரா இருந்துச்சு சார். தப்பா இருந்துச்சு" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, எழுதினவர் முடிவுதான் முடிவு" என்றார்.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மெஷினைப் புதைத்தவள் ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. நம்ம ஆட்களின் மெஷினைத் தோண்டிய உன் அம்மாவை ஏன் எதிர்ப்பக்கத்துப் பெண்ணாக மாற்றி எழுதினாய் என்றும் முழுதாக விளங்கவில்லை. அவளுக்கும் மடியில் ஒரு எட்டு மாதக் குழந்தை இருந்திருக்கும் என்றா? இருந்தால் நேரில் கேட்டுச் சண்டை போட்டிருப்பேன். இப்போது கேள்வியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் சீட் கிடைக்கிறது. பிடித்துவைக்க ஆளில்லாததால் சீக்கிரமே போய்விடுகிறேன்.

நீ அளவெடுக்கும் வெர்னியர் என் டிராயரில் இருக்கிறது. ஏத்துக்க என்று எங்கப்பா இப்போதும் சொல்கிறார். நான் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிடுகிறேன். அந்த கிராஃப் படத்தை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உன் அனுமதி இல்லாமல் சேர்க்கப்போகிறேன். அம்மாவின் கையெழுத்தோடு சேர்ப்பதால் இது செல்லும். உன் நாவல் முடிந்த பிறகு வரும் வெறும் பக்கத்தில், அந்த மெஷினின் நம்பரைப் போடச் சொன்னார்கள். அதற்குக் கீழே ஊர்ப் பெயர், தேசிக்காய் என்று அம்மா சொல்கிற எலுமிச்சை மரம், எத்தனை அடி ஆழம் என்பது. நான் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அம்மா ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.

"பேரைப் போடட்டுமாமா?" என்று கேட்டேன்.

"என்ர பேர் எதுக்கு? நல்லாப் பாவிச்சனான், திரும்ப வைச்சிட்டன் எண்டு மட்டும் போடு. அந்த மனிசி எங்கயாவது இருந்து வாசிச்சால் போய் எடுக்கட்டும்."

அப்படியே போடுகிறேன். உன் ஆறு பக்கத்தில் ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டேன், 'ன'வுக்கும் 'ள'வுக்கும் சந்தேகம் வந்தால் அம்மாவிடம் கேட்பேன். முதல் பிரதி வந்ததும் அந்தப் பக்கத்தை நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, நம்பர் சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மற்றப் பிரதிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பேன்.

உன் மச்சான்,
உன் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ராசா,
தினேஷ்